எட்டாம் எண் கல்

எட்டாம் எண் கல் வளையவில்லை.

பெஞ்சில் உட்கார்ந்திருந்த யோருன் நோட்டைப் பிரித்தாள். பனித்தரையின் எதிர்க்கோடியிலிருந்து திரில் விட்ட, சிவப்புக் கைப்பிடி போட்ட அந்தக் கருங்கல், காவலுக்கு நின்ற மஞ்சள் கல்லைத் தாண்டியதும் உள்பக்கமாக மடங்கி வட்டத்தின் நடுவில் போய் உட்கார வேண்டும். அதுவோ யாருக்கு வந்த விருந்தோ என்று நேராகப் போய், வட்டத்தின் ஓரத்தில் ஒதுங்கி நின்றது. கூட்டத்தில் யாரோ ‘ச்சூ’ கொட்டினார்கள்.

திரில் எழுந்து நின்று தன் வலது உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள்.

“கை இன்னும் இறுகித்தான் இருக்கு அவளுக்கு. ரெண்டாவது சுத்துதானே, சூடாயிடும்” என்றார் பக்கத்தில் இருந்த பயிற்சியாளர் ஓட்வார். அறுபத்தைந்து வயது, ஆட்டம் நடக்கும்போது பதற்றத்தைக் காட்டிக்கொள்ளாமல் இருக்க பிளாஸ்கின் மூடியைத் திருகித் திருகித் திறப்பார், மூடுவார், குடிக்க மாட்டார்.

யோருன் மடியில் இருந்த நோட்டில், இரண்டாம் சுற்றுக்கு நேராக ‘எட்டு – நேர்’ என்று மட்டும் எழுதினாள். கையில் பிரச்சினை இல்லை என்று அவளுக்குத் தெரியும். அந்த அரங்கத்திலேயே அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

நார்வேயின் ஓப்டால் ஊரில் அன்று கர்லிங் என்கிற பனிக்கல் ஆட்டத்தின் தேசிய இறுதி. பத்துச் சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் அணிக்கு எட்டுக் கல், ஆளுக்கு இரண்டு. கடைசி இரண்டையும் விடுவது கேப்டன். இந்த அணிக்கு கேப்டன் திரில், இருபத்தாறு வயதுக்காரி, போன வருஷம்தான் பெரியவர்களோடு ஆட வந்தவள். ஜெயித்தால் நார்வே சார்பாக உலகப் போட்டிக்குப் போகலாம். தோற்றால் வழக்கம்போல வெள்ளிப் பதக்கமும் கைகுலுக்கலும்.

வெள்ளிப் பதக்கம் யோருனிடம் ஏற்கெனவே நான்கு இருக்கிறது. சமையலறையில் கேக் முள்கரண்டிகள் கிடக்கிற இழுப்பறையில் அவையும் கிடக்கின்றன. நாற்பத்தோரு வயதில் இருபத்து மூன்று வருஷத்தை இந்தப் பனிக்குக் கொடுத்தவள் அவள். நகராட்சியின் தண்ணீர்ப் பிரிவில் வேலை. கூட வேலை பார்ப்பவர்கள் ஈஸ்டருக்கு மலைக்குடிலுக்கும், வெயில் காய ஸ்பெயினுக்கும் போவார்கள். இவள் விடுப்பு நாளை எல்லாம் ஒன்றுவிடாமல் பொறுக்கிச் சேர்த்து, கம்பளி உள்ளாடையும் துடைப்பமுமாக ஏதாவது ஒரு குளிர்ந்த கொட்டகைக்குப் போவாள். வீடு பெருக்குகிற வேலையை விளையாட்டு என்று சொல்கிறார்கள் என்று இதைக் கிண்டல் செய்யாத ஆள் நாட்டில் கிடையாது. செய்துவிட்டுப் போகட்டும். இருபது கிலோ கல்லை நாற்பது மீட்டர் தள்ளி ஒரு காபித் தட்டு மேல் நிறுத்திக் காட்டிவிட்டுச் சிரிக்கச் சொல்லுங்கள், பார்ப்போம்.

ஒரு காலத்தில் அவளும் கேப்டன். பதினோரு வருஷத்துக்கு முன்னால், இதே மாதிரி ஓர் இறுதி ஆட்டத்தில், கடைசிக் கல் அவள் கையில் இருந்தது. ஓட்வார்தான் அப்போதும் பயிற்சியாளர். ஐந்தாவது ஆளைக் கூட்டிப்போக அவர்களுக்கு வசதி கிடையாது. கல் பார்க்கிற வேலையையும் அவரே செய்தார். அவள் விட்ட கல் ஒரு சாண் கூடுதலாக மடங்கி, காவல் கல்லில் இடித்து, உலகப் போட்டி போச்சு. கை நடுங்கிவிட்டது என்று பத்திரிகைக்காரன் எழுதினான். அவளும் அதை அப்படியே நம்பினாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு கல்லை விடும்போதும் தன் கையைத்தான் பார்த்தாளே தவிர வட்டத்தைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்துக்கொண்டு எவளால் கல் விட முடியும்? அடுத்த வருஷம் கேப்டன் பொறுப்பு வேண்டாம் என்றாள். மூன்றாவதாக விட்டாள், பிறகு முதலாவதாக, பிறகு முட்டி போயிற்று. வருஷா வருஷம் கிறிஸ்துமஸ் இரவுச் சாப்பாட்டில் அவள் அண்ணன், “சாறுக் கிண்ணத்தை யோருன் கையில குடுக்காதீங்க, மேஜைவிரிப்பு புதுசு” என்று ஒரே கிண்டலை அடிப்பான். பிள்ளைகளுக்குக்கூட மனப்பாடம். அவளும் சிரித்துவைப்பாள்.

இப்போது அவள் அணியின் ஐந்தாவது ஆள். ஆடுகிற நால்வரில் யாருக்காவது முடியாமல் போனால் இறங்குவதற்கு. ஆனால் ஐந்தாவது ஆளின் உண்மையான வேலை ஆட்டத்துக்கு முந்தின நாள். வெளியாளுக்கு எல்லாக் கல்லும் ஒரே கல்தான். ஆனால் ஒன்று சற்று அதிகம் மடங்கும், ஒன்று சோம்பேறி, ஒன்று அவசரக்காரி. எட்டுக் கல்லையும் ஒவ்வொன்றாகச் சறுக்கிவிட்டுப் பார்த்து, எதற்கு எது ஜோடி, யாருக்கு எந்த ஜோடி என்று எழுதிக் கொடுக்க வேண்டும். கேப்டனுக்குக் கொடுக்கிற ஜோடி இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்க வேண்டும். அதை யாரும் சரிபார்க்க மாட்டார்கள். ஐந்தாவது ஆள் சொன்னால் சொன்னதுதான்.

நேற்று சாயங்காலம் ஆறு கல் வரைக்கும் ஒழுங்காகத்தான் விட்டாள். ஏழாவதைக் குனிந்து சறுக்கி விடும்போது முட்டிக்குள் என்னவோ நகர்ந்தது. ஊசி குத்தின மாதிரி இல்லை, கீல் கழன்ற மாதிரி. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. முட்டியைக் கிழிக்க வேண்டும் என்று டாக்டர் நவம்பரிலேயே சொல்லிவிட்டார். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஐந்தாவது இடம் வில்டே என்கிற இருபத்திரண்டு வயதுப் பெண்ணுக்குப் போய்விடும். உலகப் போட்டிக்கான பட்டியலில் ஐந்தாவது பெயரை கேப்டன் இறுதி ஆட்டத்துக்குப் பிறகுதான் எழுதப் போகிறாள், யோருனா வில்டேயா என்று முடிவாகவில்லை என்றும் அவளுக்குத் தெரியும். எட்டாவது கல்லைச் சறுக்காமல், நின்ற வாக்கில் குனிந்து ஒரு தள்ளு தள்ளிவிட்டாள். அது போய் ஏழாவது கல்லுக்குப் பக்கத்திலேயே நின்றது. நின்றவாறு தள்ளின கல் எப்படி வளையும் என்று கடவுளுக்கே தெரியாது.

இன்னொரு தடவை விட்டிருக்க வேண்டும். விடத்தான் நினைத்தாள். அதற்குள் திரில் வந்து, “என்னோடது எது?” என்று கேட்டாள்.

“ஏழும் எட்டும். இரட்டைப் பிள்ளைங்க” என்று யோருன் சொன்னாள். எவ்வளவு உறுதியாகச் சொன்னாள் என்றால், அந்தக் குரலைக் கேட்டு அவளே கொஞ்ச நேரம் நம்பிவிட்டாள்.

காலையில் பயிற்சியின்போது திரில் எட்டாம் கல்லை ஒரு தடவை விட்டாள். அது விலகிப் போனது. “கை இன்னும் குளிருது” என்று சொல்லிக் கையுறைக்குள் ஊதிக்கொண்டாள். அப்போது சொல்லியிருக்கலாம். யோருன் வாயைத் திறந்தாள், காபியைக் குடித்தாள்.

மூன்றாம் சுற்றில் திரில் எட்டாம் கல்லை விட்டபோது மறுபடியும் விலகியது. நான்காம் சுற்றில் அது விலகும் என்று பயந்து மணிக்கட்டை அதிகமாகத் திருப்பி ஏழாம் கல்லை விட்டாள். ஏழு நல்ல கல், சொன்ன பேச்சைக் கேட்கிற கல். அது அளவுக்கு மீறி மடங்கிக் காவலில் இடித்தது. உடனே பயந்து எட்டில் திருப்பலைக் குறைத்தாள். அது இன்னும் நேராகப் போய்த் தொலைந்தது. ஒரு கல்லுக்குச் செய்த வைத்தியம் இன்னொரு கல்லைக் கெடுத்தது. எதிரணி கேப்டன் மார்கித் பழம் தின்று கொட்டை போட்டவள். முகத்தில் ஒன்றையும் காட்டாமல், கிடைத்ததை எல்லாம் ஒவ்வொரு புள்ளியாகச் சேர்த்துக்கொண்டிருந்தாள். நான்குக்கு மூன்று, மார்கித் முன்னால்.

யோருன் நோட்டில் எழுதிக்கொண்டே இருந்தாள். எட்டாம் கல் எந்த இடத்தைக் குறிவைத்து விடப்பட்டது, எங்கே போய் நின்றது, கை எவ்வளவு திரும்பியது. வேறென்ன செய்வது? ஆட்டம் நடக்கும்போது பெஞ்சிலிருந்து ஒரு வார்த்தை கத்தக் கூடாது. ஆட்டத்துக்கு ஒரே ஒரு நிமிஷ இடைவேளை அணி கேட்கலாம், அப்போது பெஞ்சிலிருந்து ஒருவர் இறங்கிப் போகலாம். அது போக ஐந்தாம் சுற்று முடிந்ததும் எல்லோருக்கும் ஓய்வு. ஐந்து முடியட்டும், சொல்லிவிடுகிறேன் என்று தனக்குத்தானே சத்தியம் செய்துகொண்டாள்.

ஐந்தும் முடிந்தது.

நால்வரும் பெஞ்சுக்கு வந்தார்கள். யோருன் வாழைப்பழமும் பழுப்புச் சீஸ் வைத்த ரொட்டியும் எடுத்துக் கொடுத்தாள். திரில் ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு தின்னாமல் நின்றாள். அணியின் துணைக் கேப்டன் சுன்னிவா, “தின்னுடி. வயிறு காலியா இருந்தா கையும் காலியாத்தான் இருக்கும்” என்றாள்.

“கையப் பத்திப் பேசாதே.”

“சரிம்மா தாயே, பேசல.”

திரில் நகர்ந்து யோருன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், “உனக்கும் இப்படித்தான் ஆச்சா?” என்று கேட்டாள்.

“எப்படி?”

“கை நம்ம கையே இல்லாத மாதிரி. நான் ஒண்ணு சொல்றேன், அது ஒண்ணு செய்யுது. ஒரு கல்லு இந்தப் பக்கம், ஒரு கல்லு அந்தப் பக்கம். உனக்கும் அன்னைக்கு இப்படித்தான் இருந்துச்சா யோருன்? சொல்லேன்.”

இதோ, இதுதான் நேரம். வாயைத் திற, மடச்சி. எட்டாம் கல் சரியில்லை என்று மூன்று வார்த்தை. யோருனின் கண்ணுக்கு முன்னால் ஐந்து பெயர் எழுதின ஒரு தாள்தான் வந்து நின்றது, அதில் ஐந்தாவதாகத் தன் பெயர். இருபத்து மூன்று வருஷம். நெஞ்சில் கொடி தைத்த மேல்சட்டையை ஒரே ஒரு தடவை போட்டுக்கொண்டு, பெஞ்சில்தான் உட்கார்ந்தால் என்ன, உட்கார்ந்துவிட்டு வந்தால் போதும்.

“சரியாயிடும். நீ யோசிக்காம விடு” என்றாள்.

திரில் தலையாட்டினாள். நம்பிக்கையோடு ஆட்டினாள் என்பதுதான் யோருனைக் கொன்றது. போகும்போது அந்தப் பெண் ரொட்டியைக் கடிக்காமலே பெஞ்சில் வைத்துவிட்டுப் போனாள். யோருன் அதை எடுத்துக் காகிதத்தில் சுற்றினாள், பிரித்தாள், மறுபடி சுற்றினாள். தன்னைப்போல் ஒரு கேடுகெட்டவள் இந்தப் பனியில் கால் வைத்ததே இல்லை என்று நினைத்தாள்.

ஆறு, ஏழு, எட்டு. சுன்னிவாவும் மற்ற இருவரும் உயிரைக் கொடுத்து ஆடினார்கள். கல்லுக்கு முன்னால் பனியைத் துடைப்பத்தால் தேய்த்துத் தேய்த்துத் தோள்பட்டை கழன்றுவிடும்போல் இருந்தது. மூவருமாகத்தான் அணியை இழுத்துக்கொண்டு வந்தார்கள். ஒன்பதாம் சுற்று முடிந்தபோது ஆறுக்கு ஆறு. பத்தாம் சுற்றில் கடைசிக் கல் இவர்களுக்கு. எந்த அணியும் வேண்டி நிற்கிற நிலைமை அது. ஒரே ஒரு கல்லை எதிராளியின் கல்லைவிட நடுப்புள்ளிக்குப் பக்கத்தில் நிறுத்தினால் போதும், கதை முடிந்தது.

பத்தாவது சுற்றில் பதின்மூன்று கல் போய் முடிந்தது. மார்கித்தின் மஞ்சள் கல் ஒன்று நடுப்புள்ளிக்கு ஒரு முழம் தள்ளி வட்டத்துக்குள் இருந்தது. அதை மறைத்துக்கொண்டு முன்னால் இன்னொரு மஞ்சள் கல் காவல். திரில் ஏழாம் கல்லை எடுத்தாள். காவலைச் சுற்றி உள்ளே போக வேண்டும். குனிந்தாள், சறுக்கினாள், விட்டாள். விடுகிற கடைசி நொடியில் மணிக்கட்டு பயந்துபோய் ஒரு திருப்பு திருப்பியது. யோருனுக்கு நாற்பது மீட்டர் தள்ளியிருந்தும் அது தெரிந்தது. கல் முன்னதாகவே மடங்கி, காவலுக்கு இந்தப் பக்கமாகவே வந்து, வட்டத்துக்கு வெளியே போய்விட்டது.

மார்கித் தன் கடைசிக் கல்லால் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. இன்னொரு காவலை நிறுத்திப் பார்த்தாள், அது ஓரமாக விலகி உதவாமல் போனது. இனி மிச்சம் இருப்பது ஒரே கல். எட்டாம் எண் கல்.

திரில் கால்சட்டையில் உள்ளங்கையைத் தேய்த்தாள். விரித்துப் பார்த்தாள். மறுபடி தேய்த்தாள். அடுத்து நடக்கப் போவது எல்லாம் யோருனுக்கு வரிசையாகத் தெரிந்தது. இந்தக் கல் விலகும். பத்திரிகைக்காரன் எழுதுவான். இந்தப் பெண் அடுத்த வருஷம் கேப்டன் பொறுப்பு வேண்டாம் என்பாள். ஏதோ ஒரு வீட்டில் கிறிஸ்துமஸ் மேஜையில் யாரோ ஒருவன் சாறுக் கிண்ணத்தைத் தூக்கிப் பிடிப்பான்.

“ஓட்வார், அவ கை நல்லாத்தான் இருக்கு. கல்லுதான் சரியில்ல. எட்டாம் கல்லு.”

ஓட்வார் திரும்பினார். “என்ன உளர்றே?”

“அது வளையாது. நேத்து நான் அதைச் சறுக்கிவிட்டுப் பார்க்கவே இல்ல. முட்டி விட்டுப்போச்சு. நின்னுக்கிட்டே தள்ளிவிட்டுட்டு ஜோடின்னு எழுதிட்டேன். எனக்குக் காலையிலேர்ந்தே தெரியும்.”

திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். பிளாஸ்கை எடுத்து அடித்தாலும் வாங்கிக்கொண்டிருப்பாள். ஓட்வார் முகத்தில் ஈயாடவில்லை. இரத்தம் வடிந்துபோய்க் கோதுமை மாவு நிறமாக இருந்தது அது. மூடி கையிலிருந்து நழுவி விழுந்து உருண்டது. அதை எடுக்கக்கூட அவர் குனியவில்லை. அதற்குள் திரில் கல்லுக்குப் பக்கத்தில் போய்க் குனியத் தொடங்கிவிட்டாள்.

“ஓட்வார்!”

அவர் எழுந்து இரண்டு கையையும் சேர்த்து ‘டி’ எழுத்து மாதிரி காட்டினார். நடுவர் விசில் ஊதினார்.

“போ” என்றார்.

“நானா? நீதானே போவே எப்பவும்?”

“நீ போ. தப்புப் பண்ணவங்க வாயாலதான் வரணும் அது. வேற யாரு சொன்னாலும் அவளுக்குச் சும்மா சமாதானம் சொல்ற மாதிரிதான் கேக்கும். போயேன், நிக்காதே!”

யோருன் நோட்டை எடுத்துக்கொண்டு பனிமேல் இறங்கினாள். காலையிலிருந்து மறைத்துக்கொண்டிருந்த நொண்டலை இப்போது மறைக்க நேரமில்லை. கூட்டம் முழுக்கப் பார்க்க, காலை இழுத்து இழுத்துப் போனாள். ஒரு நிமிஷம்தான். கடிகாரம் ஓட ஆரம்பித்துவிட்டது. சுன்னிவாவும் வட்டத்திலிருந்து ஓடிவந்தாள்.

“ஓட்வார் எங்கே? உன் கால் என்ன ஆச்சு?” என்றாள் திரில்.

“காலை விடு. உன் கை சரியாத்தான் இருக்கு.”

“ஆரம்பிக்காதே யோருன். ஆறுதல் சொல்ற நேரமா இது?”

“ஆறுதல் இல்லடி. எட்டாம் கல்லு வளையாது. நேத்து நான் அதை ஒழுங்காப் பார்க்கல. உன்கிட்ட பொய் சொன்னேன். முட்டி போச்சுன்னு தெரிஞ்சா என்னைக் கழட்டிவிட்டுடுவீங்கன்னு பயந்து சொன்னேன். காலையிலேர்ந்து அது விலகினது ஒண்ணுகூட உன் கையால இல்ல.”

“அடிப் பாவி!” என்றாள் சுன்னிவா. “பத்துச் சுத்து! பத்துச் சுத்து பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தியே, வாழைப்பழம் வேற குடுத்தியே!”

திரில் யோருனையே பார்த்தாள். அவள் கண்ணில் முதலில் கோபம் வந்தது, அதைத் தள்ளிக்கொண்டு வேறொன்று வந்தது. முதுகு நிமிர்ந்தது.

“எவ்வளவு?” என்று கேட்டாள்.

யோருன் நோட்டைப் பிரித்தாள். “ஒன்பது தடவை விட்டிருக்கே. ஒன்பதும் எழுதி வச்சிருக்கேன். மத்த கல்லவிட ஒன்றரைச் சாண் கம்மியா மடங்குது. ஓட்டம் சரியாத்தான் இருக்கு, வேகத்தைத் தொடாதே. குறியை மட்டும் ஒன்றரைச் சாண் உள்ளே வை.”

“உள்ளே வச்சா காவல்ல இடிக்கும்.”

“இடிக்கிற மாதிரி தெரியும். இடிக்காது. ஒரு விரல் இடம் இருக்கு.”

“நேத்தும் இப்படித்தான் அடிச்சுச் சொன்னே, இரட்டைப் பிள்ளைங்கன்னு.”

“நேத்து பயத்துல சொன்னேன். இன்னைக்கும் பயமாத்தான் இருக்கு. ஆனா இது பார்த்துட்டுச் சொல்றேன்.”

மணி அடித்தது. நிமிஷம் முடிந்தது.

யோருன் பெஞ்சுக்குத் திரும்பவில்லை, திரும்ப நேரமில்லை. பக்கவாட்டுப் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தக் கோடியில் சுன்னிவா துடைப்பத்தைக் குறியாக ஊன்றினாள். காவல் கல்லின் விளிம்புக்கு அவ்வளவு பக்கத்தில் அந்தத் துடைப்பம் நின்றதைப் பார்த்துக் கூட்டத்தில் சலசலப்பு. மார்கித்கூடக் கழுத்தை நீட்டிப் பார்த்தாள். திரில் குனிந்தாள். உள்ளங்கையைப் பார்ப்பாளோ என்று யோருன் மூச்சைப் பிடித்தாள். பார்க்கவில்லை. நேராகத் துடைப்பத்தையே பார்த்துச் சறுக்கி வந்து, கல்லை விட்டாள். மணிக்கட்டு எந்தச் சேட்டையும் செய்யவில்லை.

கல் போயிற்று. காவலை நோக்கித்தான் போயிற்று. “இடிக்குது, இடிக்குது!” என்று யாரோ பின்னால் முனகினார்கள். யோருன் நோட்டின் அட்டையைக் கடித்துக்கொண்டாள். அட்டைக்கு உப்பும் காபியும் ருசி. தேய்ப்பவர்கள் இருவரும் துடைப்பத்தைத் தூக்கிப் பிடித்தபடியே கூட ஓடினார்கள், தேய்க்கவில்லை. கல் காவலுக்குப் பக்கத்தில் வந்தது. உரசும்போல் வந்தது. கடந்தது. கடந்த பிறகு, எட்டாம் எண் கல்லுக்கு எவ்வளவு வளையத் தெரியுமோ அவ்வளவு மட்டும் வளைந்து, மெதுவாகி, இன்னும் மெதுவாகி, மார்கித்தின் கல்லுக்கு எதிர்ப்புறத்தில் நின்றது.

இரண்டும் நடுப்புள்ளியிலிருந்து ஒரே தூரம்போல் இருந்தது. நடுவர் அளவுகோலைக் கொண்டுவந்து நடுவில் பொருத்திச் சுற்றினார். மஞ்சளைத் தொட்டது. சிவப்பிடம் வந்ததும் முள் கொஞ்சம் நகர்ந்தது, சிவப்புதான் பக்கம். சுன்னிவா துடைப்பத்தைக் காற்றில் எறிந்தாள். மார்கித் கையுறையைக் கழற்றிவிட்டுக் கை நீட்டினாள்.

திரிலைச் சுற்றி எல்லோரும் கட்டிப்பிடித்து அழுதார்கள். யோருன் பலகையைப் பிடித்தபடியே நின்றாள். அவளை யாரும் கூப்பிடவில்லை. அவளும் போகவில்லை.

ஆட்டம் முடிந்ததும் ஜெயித்தவர்கள் தோற்றவர்களை உட்காரவைத்து வாங்கிக் கொடுப்பது இங்கே பழக்கம். அரங்கத்துச் சிற்றுண்டிச்சாலையில் மார்கித்தின் ஆட்கள் பீரும், இவர்கள் காபியும் வாஃபிளுமாக ஒரே மேஜையில் இருந்தார்கள். யோருன் ஓரத்து மேஜையில், முட்டியில் ஐஸ் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எதிரில் ஓட்வார். வாஃபிள் ஆறிக்கொண்டிருந்தது.

திரில் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“பட்டியல் எழுதிக் குடுத்துட்டேன். வில்டே வர்றா.”

“சரி” என்றாள் யோருன். எதிர்பார்த்ததுதான். எதிர்பார்த்தது என்பதால் வலிக்காமல் இல்லை. கொடி தைத்த மேல்சட்டை. போகட்டும்.

“முட்டிக்காகன்னு எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கேன். உன்கிட்ட அப்படிச் சொல்ல மாட்டேன். கோபமாத்தான் இருக்கேன். ஓய்வு நேரத்துல நான் உன்கிட்ட வந்து கேட்டேன் யோருன். கேட்டேன்ல? அதை என்னால மறக்க முடியாது.”

“நானும் மறக்க மாட்டேன்.”

திரில் போகப் போகிறாள் என்று நினைத்தாள். அவள் போகவில்லை. வாஃபிளின் ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு, ஏதோ கணக்குப் போடுகிறவள்போல் மென்றாள்.

“உன்னோட அந்தக் கடைசிக் கல்லு, பதினோரு வருஷத்துக்கு முன்னாடி. அது எந்தக் கல்லு?”

“எந்தக் கல்லுன்னா?”

“எந்த நம்பர்?”

யோருன் விழித்தாள். கூட்டத்தின் சத்தம், உடுத்தியிருந்த கம்பளிச் சட்டையின் அரிப்பு, விரல் விட்டு விலகின கைப்பிடியின் குளிர் எல்லாம் நேற்று மாதிரி ஞாபகம் இருந்தது. எண் ஞாபகம் இல்லை. கேட்க வேண்டும் என்று தோன்றினதே இல்லை. “தெரியல. என் கைதான்னு நினைச்சேன்.”

“நாலு” என்றார் ஓட்வார்.

இருவரும் அவரைப் பார்த்தார்கள். அவர் காபிக் கோப்பையைப் பார்த்துப் பேசினார்.

“நாலாம் நம்பர். முந்தின நாள் எனக்கு நல்ல ஜுரம். ஏழு கல்லுதான் விட்டுப் பார்த்தேன், நாலைத் தொடவே இல்ல. சரியாத்தான் இருக்கும்னு எழுதிட்டேன். நீ தோத்த மறுநாள் காலையில தனியாப் போய் அதை அஞ்சு தடவை விட்டுப் பார்த்தேன். மத்ததைவிட ஒரு சாண் கூட மடங்குச்சு.”

“ஒரு சாண்” என்றாள் யோருன்.

“ஆமா.”

“நான் ஒரு சாண்லதான் இடிச்சேன்.”

“ஆமா யோருன்.”

“ஏன் சொல்லல?”

“அன்னைக்கு வெட்கமா இருந்துச்சு. ரெண்டு வாரம் போகட்டும்னு பார்த்தேன். அதுக்குள்ள நீ கேப்டன் வேண்டாம்னுட்டே. அதுக்கப்புறம் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுச் சொல்றது? வருஷம் ஆக ஆக வாயே வரல. இன்னைக்கு நீ பெஞ்சுல உக்காந்து அதைச் சொன்னதும் எனக்கு நெஞ்சே நின்னுபோச்சு.”

யோருனுக்கு அந்தக் கோப்பையை எடுத்து அவர் தலையில் கவிழ்க்க வேண்டும்போல் இருந்தது. அழ வேண்டும்போலவும் இருந்தது. பதினோரு வருஷம்! ஒரு முழுக் கையையே சந்தேகப்பட்டு, வெட்டி எறிய முடியாததால் கூட வைத்துக்கொண்டு வாழ்ந்த பதினோரு வருஷம். ஐந்து மணி நேரத்துக்கு முன்னால் அவளும் இதே மனுஷனைப்போல்தான் வாயை மூடிக்கொண்டு காபி குடித்தாள். அந்த ஒரே காரணத்தால்தான் அவளால் அவரை அடிக்க முடியவில்லை.

நோட்டை அவர் பக்கம் தள்ளினாள். பேனாவையும் தள்ளினாள்.

“எழுது.”

“என்னத்தை?”

“இப்ப சொன்னதை. எந்த ஆட்டம், எந்தக் கல்லு, எவ்வளவு மடங்குச்சு. கையெழுத்தும் போடு.”

ஓட்வார் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு எழுதினார். நான்கே வரி, அதற்கு நெடுநேரம் ஆயிற்று. யோருன் அந்தத் தாளை ஓரம் கிழியாமல் பார்த்துக் கிழித்து, இரண்டாக மடித்து, சட்டைப் பையில் வைத்துப் பொத்தானைப் போட்டாள்.

“இதைக் கொண்டுபோய் யார்கிட்ட காட்டப் போறே?” என்று கேட்டாள் திரில்.

“எங்க அண்ணன்கிட்ட” என்றாள் யோருன்.